வெள்ளிக்கிழமைப் பக்கம்

வெள்ளிக்கிழமை விடிந்தால் எங்கள் பத்தாங்காஸ் துறைமுகத்தில் இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. ஒருவர் கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஒலிவேரோஸ். இன்னொருத்தி அவருக்குக் கீழே வேலை செய்யும் ரொவேனா. எல்லோருக்கும் அவள் வெங். வயதில் சிறியவர்களுக்கு ஆத்தே வெங், அதாவது வெங் அக்கா. அன்று மதியத்துக்குள் அவள் ஒரே ஒரு பக்கம் தயாரித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காக வாரம் முழுக்க நாயாய் அலைவாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரே லோமி நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஆலிங் என்றால் எங்கள் பக்கம் அத்தை, பெரியம்மா மாதிரி மரியாதைச் சொல்; ஆலிங் சேலா கடை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கப்பல்காரர்கள், லாரிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், டிக்கெட் கொடுக்கிற பெண்கள் எல்லோருக்கும் என் கடை நூடுல்ஸும் பராக்கோ காப்பியும்தான் காலை உணவு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்து மேசையில் இருப்பவனிடம் பேசுவதைக் கூட அக்கரையில் மின்டோரோவில் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போதாததற்கு வெங்கும் அவள் புருஷன் அர்னெலும் என் வீட்டுக்கு அடுத்த வீடு.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். கம்பெனிக்கு நூற்றுக்கு மேல் சர்வர் பெட்டிகள். அலுவலகத்தில் சில, ஒவ்வொரு தீவின் டிக்கெட் கூண்டிலும் ஒன்று, சரக்குக் கிடங்குகளில் சில, ஒவ்வொரு கப்பலிலும் ஒன்று. டிக்கெட்டும், கடலோரக் காவலுக்குக் கொடுக்கிற பயணிகள் பெயர்ப் பட்டியலும் அந்தப் பெட்டிகளில்தான். அவற்றில் அடிக்கடி ஓட்டை கண்டுபிடிப்பார்களாம். ஓட்டை வழியாகத் திருடன் நுழைந்து மொத்தத்தையும் பூட்டிவிட்டுக் காசு கேட்பானாம். ஓட்டையை அடைக்க மாதாமாதம் பேட்ச் வரும். வலையைப் பொத்துகிற மாதிரிதான். எந்தப் பெட்டிக்குப் பேட்ச் போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை என்பதுதான் பக்கம். போட்டு, பெட்டியை ஒருமுறை அணைத்து எழுப்பியும் ஆகிவிட்டால் பச்சை. போட்டுவிட்டு எழுப்பாமல் விட்டால் மஞ்சள். போடவே இல்லையென்றால் சிவப்பு.

“மேல இருக்கறவங்க இதையெல்லாம் படிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“படிக்க மாட்டாங்க ஆலிங். கலரைப் பாப்பாங்க” என்றாள்.

கரையில் இருக்கும் பெட்டிகள் கம்பி வழியாகத் தாங்களே நிலைமையைச் சொல்லிவிடும். கப்பல் பெட்டிகளோடுதான் தொல்லை. கடலில் லைன் கிடையாது, துறையில் நிற்கும்போதும் ஒழுங்காகக் கிடைக்காது. அதனால் வெங் பேட்சை பென் டிரைவ் என்கிற ஒரு சின்னக் குச்சியில் ஏற்றி ஒவ்வொரு கப்பலுக்கும் கொடுத்தனுப்புவாள். கப்பலின் மின்சாரக்காரரோ கணக்கரோ அதைச் செருகி, போட்டு, பெட்டியை எழுப்பிவிட்டு, அவளுக்கு போனில் ‘ஆயோஸ்’ என்று ஒரு வார்த்தை அனுப்புவார். எல்லாம் சரி என்று அர்த்தம். இவள் பச்சை அடிப்பாள். அவள் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இதுதான் நடைமுறை.

அவள் வேலை நிரந்தரம் இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா, அதனால் ஐந்து மாதத்தில் முடித்துவிட்டு மறுபடி புது ஒப்பந்தக் காகிதம் போடுவார்கள். இந்த நாட்டில் பாதிப் பேர் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, விடுங்கள். அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் அவளுடைய காகிதம் முடிகிறது. அந்தச் சமயம் பார்த்து அவள் மூன்று மாதக் கர்ப்பம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. வயிறு வெளியே தெரிந்த பெண்ணுக்குப் புதுக் காகிதம் போடுகிற வழக்கம் அந்தக் கம்பெனியில் இல்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். நிரந்தரமாகிவிட்டால் பிரசவ விடுப்பு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் உண்டு. என் கடைக் காப்பி வாசனைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய அன்றே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் புருஷனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒலிவேரோஸ் அவளிடம் சொல்லியிருந்தார்: “வெங், தவக்காலம் முடியறதுக்குள்ள மக்காத்தி ஹெட் ஆபீஸ்லருந்து மேடம் லிம்சோன் வர்றாங்க. பக்கம் முழுக்கப் பச்சையா இருந்துச்சுன்னா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே காகிதத்தை நீட்டறேன்.” லிம்சோன்தான் கம்பெனியில் பெரிய பங்குக்காரி. போன வருஷம் வேறொரு கம்பெனியின் பெட்டிகளைத் திருடன் பூட்டி, கையால் டிக்கெட் எழுதிக் கூட்டம் கலவரமானதைக் கேள்விப்பட்டதிலிருந்து அந்த அம்மாளுக்குத் தூக்கம் இல்லையாம்.

வெங் உழைத்த உழைப்பு இருக்கிறதே! தீவுக்குத் தீவு போன். ஆண்களையெல்லாம் குயா, அண்ணா என்று குழைவாள். “அந்தப் பொட்டியை அணைச்சு எழுப்புங்க குயா, கெஞ்சிக் கேக்கறேன்.” “சமையல் முடிஞ்சு கரண்டு வரட்டும், தாயே.” இப்படியே போகும். ஒரு வியாழக்கிழமை காலையில் பக்கம் முழுக்கப் பச்சை ஆகிவிட்டது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. ஒலிவேரோஸ் பல் அத்தனையும் தெரிய என் கடைக்கு வந்து, மறுநாள் மேடம் வரும் கூட்டத்துக்குச் சாப்பாடு சொன்னார். தவக்கால வெள்ளி, இறைச்சி ஆகாது. சூரை மீனைக் கைவைத்து அமுக்கி, வாழை இலையில் சுற்றி, காயவைத்த பிலிம்பிக்காய் போட்டு மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைக்கிற எங்கள் ஊர்ச் சமையல்தான் வேண்டுமென்றார்.

அன்று மதியம் வெங் சந்தோஷத்தில் புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போனாள். அர்னெல் எர்மிந்தாவில் மின்சாரக்காரன். கம்பெனி முதலாளி தன் மகள்கள் பெயரைத்தான் கப்பல்களுக்கு வைத்தார். இருப்பதில் மூத்தவள் எர்மிந்தா. போனவள் அரை மணியில் திரும்பி வந்தாள். பின்னாலேயே அர்னெல். இரண்டு பேரும் என் கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த கையால் அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“எப்போலருந்து?” என்றாள்.

“கிறிஸ்துமஸ்லருந்து.”

“ஒவ்வொரு மாசமும் ஆயோஸ் ஆயோஸ்னு அனுப்பினியே?”

“போட்டேனே வெங்! குச்சியைச் செருகிப் போடத்தான் செஞ்சேன். அணைச்சு எழுப்பறது ஒண்ணைத்தான் செய்யலை.”

“அதைச் செய்யாட்டி போட்டதே இல்லைன்னு அர்த்தம். மாத்திரையை வாயில அடக்கிக்கிட்டு முழுங்காம இருந்தா காய்ச்சல் போகுமா? அந்தத் திரையில ‘என்னை எழுப்பு, என்னை எழுப்பு’ன்னு அது கெஞ்சிக்கிட்டு நிக்குது. அதுமேல நீ காலண்டரை மாட்டி வச்சிருக்கே!”

“ஆலா ஏ!” என்று எங்கள் ஊர்ப் பாணியில் பதறினான். “மெதுவாப் பேசு.”

“நீ சொல்றியா மெதுவாப் பேசச் சொல்லி?”

அவன் தரப்பையும் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸ் பயணிகள் நெரிசலில், அவள் சொன்னாளே என்று அவன் பெட்டியை அணைத்து எழுப்பினான். அது நெடுநேரம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. ஆயிரம் பேர் ஏறுபலகைக்கு முன்னால் வெயிலில் நின்றார்கள். ஒரு வயசான அம்மாள் மயங்கி விழுந்தாள். ஒருவன் கையில் இருந்த சேவலோடு வந்து அர்னெல் சட்டையைப் பிடித்தான். கப்பித்தான் மாரசிகன் அன்று கத்தின கத்தலில், “என் கப்பல்ல இனிமே அந்தப் பொட்டியை எவனாவது அணைச்சான்னா, அவனைக் கடல்ல எறிவேன்” என்று சொல்லிவிட்டார். எர்மிந்தா ஒரு நாளும் சும்மா நிற்காத கப்பல். ஆட்களை இறக்கிய கையோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். இவன் என்ன செய்வான்?

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?” என்றாள்.

“சொன்னா நீ மஞ்சள் அடிப்பே. ஒலிவேரோஸ் உன்னைக் காய்ச்சுவான். உனக்காகத்தான் வெங்.”

அவள் கண் நிரம்பியது.

“இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?” என்று அவன் குனிந்து கேட்டான். “இன்னிக்கு ஒரு நடை போறோம், நாளைக்கு ஒரு நடை. ஞாயித்துக்கிழமை காலையில கப்பித்தான் பூசைக்குப் போவாரு. அந்த நேரத்துல அணைச்சு எழுப்பிடறேன். ஞாயித்துக்கிழமை உண்மையாகப் போறதை வெள்ளிக்கிழமையே சொன்னா என்ன? நூத்துல ஒண்ணு. ஒரே ஒரு பொட்டி.”

“அது ஒண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அப்படின்னா?”

“கட்டின புருஷன், ஒரே பாயில படுக்கறவன், நீயே அனுப்பின ஆயோஸ் இப்படி இருந்தா, மத்தவங்க அனுப்பினது எப்படி இருக்கும்? நான் ஒண்ணையாவது கண்ணால பாத்தேனா?”

கப்பல் ஹார்ன் அடித்தது. அவன் எழுந்து நின்று, “வயித்துல இருக்கறதை நெனச்சுக்கோ. அதுக்கு மேல உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் வைத்த லோமியில் இரண்டு பேரும் கை வைக்கவில்லை.

நான் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். எனக்கு இதில் ரகசியமாக ஒரு கருத்து இருந்தது, மறைக்க மாட்டேன். “பேசாம இருந்துடு பொண்ணே, பிள்ளை பொறக்கட்டும்” என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. “நானும் அதைத்தான் யோசிக்கறேன் ஆலிங்” என்றாள்.

மறுநாள் மீன் சட்டிகளோடு நானே கூட்ட அறைக்குப் போனேன். சுவரில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக வெளிச்சம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வயல் மாதிரி அத்தனையும் பச்சை. மேடம் லிம்சோன் ஒடிசலான அம்மாள், குளிரூட்டிக்குப் பயந்து தோளில் சால்வை. ஒலிவேரோஸ் சுட்டிக்காட்டுகிற கோலை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார். வெங் மூலையில், கையில் ஒரு தாளைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தாள். காலையிலேயே அவள் அதை அவரிடம் காட்டியிருக்கிறாள். “கூட்டம் முடியட்டும்” என்று அவர் கையைத் தட்டிவிட்டாராம்.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எல்லாமேவா?”

“எல்லாமே, மேடம்” என்றார் ஒலிவேரோஸ்.

“இல்லை மேடம்” என்றாள் வெங்.

நான் இலையைப் பிரித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டேன். அவள் எழுந்து நின்றாள். “கரையில இருக்கற பொட்டிங்க தானாவே சொல்லுது, அதெல்லாம் சரி. கப்பல் பொட்டிங்களை ஆளுங்க சொன்னதை வச்சுப் பச்சை போட்டேன். நேத்து ஒரு கப்பல்ல நானே பாத்தேன். அது முடியலை. மத்தக் கப்பல் ஒண்ணையும் நான் பாக்கலை. பாக்காம போட்டது என் தப்பு. அதனால கப்பல் எல்லாத்தையும் பச்சையிலருந்து எடுத்துட்டேன்.” சுருட்டி வைத்திருந்த தாளை விரித்து மேசைமேல் வைத்தாள்.

“எந்தக் கப்பல்ல பாத்தே?”

“எர்மிந்தா.”

“அங்க யாரு பொறுப்பு?”

“அர்னெல் கதிக்பாக்.” கொஞ்சம் நிறுத்தினாள். “என் வீட்டுக்காரர்.”

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். மேடம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். “போய்ப் பாத்துட்டு வா” என்றார் மேடம். “பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள எனக்குப் பக்கம் வரணும். மத்ததை அப்புறம் பேசலாம்.” அன்று அந்த அறையில் யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை. என் மீன் அத்தனையும் வீண்.

வெளியே வந்ததும் ஒலிவேரோஸ் அவளைப் பிடித்துக்கொண்டார். “நல்லாச் செஞ்சே! முழுக்கப் பச்சையா இருந்தாத்தான் காகிதம்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். புதன்கிழமை ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் நான் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டேன். ஏப்ரலோட மூட்டை கட்டிக்கோ.”

மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அர்னெலை விடுவார்களா? “குயா அர்னெல், ராத்திரி படுக்கையில சிவப்பா, மஞ்சளா?” “கட்டினவளே போட்டுக் கொடுத்துட்டாளே, உன்னை யாரு நம்புவா?” மூட்டை தூக்குகிறவன் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு கேலி. அவன் வீட்டுக்கு வரவில்லை. கப்பலிலேயே படுத்துக்கொண்டான். அவள் போன் செய்தால் எடுக்கவில்லை. துணி மாற்றிக்கொள்ள மட்டும் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோனான். ஞாயிற்றுக்கிழமை அணைத்து எழுப்புகிறேன் என்ற பெட்டியையும் தொடவில்லை. எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. நல்லவன்தான், ரோஷக்காரன்.

அவள் கப்பல் கப்பலாக ஏற ஆரம்பித்தாள். அந்தக் கோடையில் ஏறுபலகை இரும்பு, செருப்பைத் தாண்டிக் காலைச் சுடும். சரக்குத் தளத்தில் கொப்பரை மூட்டை, பன்றிக் கூண்டு, டீசல் எல்லாம் சேர்ந்து அடிக்கிற நாற்றத்தில் எனக்கே குமட்டும். அவள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள். கணக்கர் அறை ஒவ்வொன்றும் ஒரு லட்சணம். ஒரு கப்பலில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சோறு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் பெட்டிமேல் பிளாஸ்டிக் மேசைவிரிப்பைப் போட்டு மூடி, அதன்மேல் கருவாடு காயவைத்திருந்தார்கள். கணக்கன் கேட்டானாம்: “ஆத்தே, இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்களே, நான்தான் ஆயோஸ்னு அனுப்பினேனே?”

“அனுப்பினீங்க குயா. முதல்ல கருவாட்டை எடுங்க” என்றாளாம்.

பாதிக்கு மேல் முடியாமல்தான் கிடந்தன. அவள் யாரையும் திட்டவில்லை. எந்த நேரத்தில் கப்பல் காலியாக நிற்கும், எப்போது பட்டியல் வேண்டாம் என்று அவர்களையே கேட்டு, அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, பெட்டி அணைந்து எழுந்து நிற்கிற வரைக்கும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். ஒரு கப்பலில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தபடியே உட்கார்ந்திருந்தாளாம். இறங்கச் சொன்னால், “எழுந்திருக்குதே, பாத்துட்டுப் போறேன்” என்றாளாம். என் வாழ்நாளில் எத்தனையோ உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் அவளைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது, இதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

அந்த வாளிக் கதையைச் சொன்ன கணக்கன் அதை என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னான். பக்கத்து மேசையில் அர்னெல் இருப்பதை அவன் பார்க்கவில்லை. அர்னெல் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். நேராகப் போய்க் கப்பித்தான் மாரசிகன் கதவைத் தட்டியிருக்கிறான். நடந்ததை அவனே பிறகு சொன்னான்.

“கப்பித்தான், பொட்டியை அணைக்கணும்.”

“கடல்ல எறிவேன்னு சொன்னேனா இல்லையா?”

“எறிங்க. அதுக்கு முன்னால அணைச்சு எழுப்பிடறேன்.”

“பொண்டாட்டி சொன்னாளா?”

“அவ எங்கூடப் பேசி நாலஞ்சு நாளாச்சு. நான்தான் பேசலை.”

கிழவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினாராம். எர்மிந்தாவுக்குப் புதன்கிழமை காலை நடைக்கு முன்னால் மட்டும்தான் கொஞ்சம் இடைவெளி. பெரிய வாரக் கூட்டம் நிற்கும். “ஜனங்க கத்தினா நீதான் போய் நிக்கணும், நான் வர மாட்டேன்” என்றாராம்.

புதன்கிழமை. தெருவுக்குத் தெரு சிலுவைப் பாடுகளைப் பாடுகிற ஒலிபெருக்கி. ஊருக்குப் போகிற ஜனம் குழந்தை குட்டி, மாம்பழக் கூடை, மின்விசிறிப் பெட்டியோடு வாசல் வரைக்கும் நின்றது. எர்மிந்தாவைத் தவிர மற்ற எல்லாக் கப்பலும் அவள் கண்ணால் பார்த்துப் பச்சையாகிவிட்டன. நான் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போய்விட்டேன், இருப்புக் கொள்ளவில்லை. அர்னெல் ஏறுபலகையின் மேல் சங்கிலியைக் குறுக்கே மாட்டிவிட்டு நின்றான். வெங் கீழே வந்து நின்றாள்.

“வா” என்றான். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை. “நீயே வந்து பாரு.”

அவள் உள்ளே போனாள். அவன் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்து கூட்டத்துக்கு முன்னால் நின்றான். வெயில் ஏற ஏற வசவும் ஏறியது. “ஏய், கதவைத் திற!” “எங்க அம்மா காத்துக்கிட்டு இருக்கா, உங்கப்பன் வீட்டுக் கப்பலா?” அவன் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. “என்னைத் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. உள்ள ஒரு வேலை நடக்குது, முடியட்டும்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தங்கைக்கு ஆள் அனுப்பி, வயசானவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

கடைசியில் வெங் வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பல மாதத்துப் பேட்ச் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகிடந்ததில், பெட்டி எழுந்திருக்கும்போது ‘போட முடியவில்லை’ என்று அத்தனையையும் உதறிவிட்டுப் பழைய நிலைக்கே போய்விட்டதாம். டிக்கெட் வேலை செய்யும். ஓட்டை அப்படியே இருக்கும். சரிசெய்ய ஒரு நாள் முழுக்கக் கப்பல் நிற்க வேண்டும். பண்டிகை முடியாமல் நடக்காது.

“பேட்ச் ஏறலையா?” என்றான்.

“ஏறலை.”

பின்னால் ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். “அப்ப சிவப்பு” என்றான். சங்கிலியைக் கழற்றிவிட்டான். கூட்டம் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியது. அவள் இறங்கிவந்தபோது அவன் முகம் கூட்டத்தில் தெரியவில்லை.

கப்பல் போய்விட்டது. அலுவலகத்தில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியாயிற்று. ஒலிவேரோஸ் அவள் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். காப்பி கொண்டுபோன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

“ஒண்ணே ஒண்ணு, வெங். பண்டிகை முடிஞ்சு வந்து சரிபண்ணப் போறே. நடுவுல யாரு வந்து பாக்கப் போறா? பச்சையைப் போடு. காகிதம் இதோ என் பையில இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே பயம். வெங் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். மறு கையால் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டாள். எர்மிந்தா சிவப்பாகவே போனது. ஒலிவேரோஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் போனதும் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் முதுகைத் தடவினேன். வேறு என்ன செய்ய?

மதியம் தாண்டி போன் வந்தது. மேடம் லிம்சோன். வெங் பயந்துபோய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“இந்த ஒரு சிவப்பு. இதை யாரு சொன்னது?”

“நான் பாத்தேன் மேடம். கப்பல்ல இருக்கறவரும் சொன்னாரு.”

“உன் புருஷனா?”

“ஆமா.”

“மத்தக் கப்பல் எல்லாம்?”

“ஒவ்வொண்ணா ஏறிப் பாத்தேன்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள், “ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை எர்மிந்தாவை ஒரு நாள் நிறுத்தச் சொல்றேன். ஒலிவேரோஸ் உன்னை நிரந்தரமாக்கற காகிதத்தை அனுப்பலைன்னா நானே வேற போட்டு அனுப்பறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. பண்டிகையை நல்லபடியாக் கொண்டாடு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெங் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். “ஆலிங், என்ன சொன்னாங்க? நீங்களும் கேட்டீங்கல்ல?” என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அர்னெலுக்கு போன் போட்டால் லைன் இல்லை, நடுக்கடலில் இருப்பான். கப்பல் திரும்புகிற நேரம் வரைக்கும் அவளால் உட்கார முடியவில்லை. வெயில் தாழத் துறைக்கு வந்துவிட்டாள். நானும்தான்.

எர்மிந்தா திரும்பி வந்து கரைக்கு நெருங்கியது. ஏறுபலகை இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது. அதன் நுனியில் அர்னெல், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றான். கீழே அவளைப் பார்த்ததும், எஞ்சின் இரைச்சலுக்கு மேல், துறைமுகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி எங்கள் ஊர்த் தொண்டையில் கத்தினான்:

“வெங்! அந்த ஒலிவேரோஸ் என்ன சொன்னாலும் சரி, மாத்திடாதே! வேலை போனாப் போகட்டும்! எர்மிந்தா இன்னும் சிவப்புத்தான்!”

அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகை முழுதாக இறங்குவதற்கு முன்பே குதித்து ஓடிவந்தான்.